பாதியில் நின்ற கை

– மீட்டர்ல ஒண்ணுமே இல்லக்கா. கழுவிக் கவுத்து வெச்ச தட்டு மாதிரி இருக்கு.

– போன தடவையும் இதே தட்டைத்தான் காட்டுன பஷீர் தம்பி. உன் வேன் பிரிஞ்சாங் டவுனுக்குப் போய்ச் சேரல, இங்க படம் நின்னுருச்சு.

– போன தடவை ஞாயித்துக்கிழமை மத்தியானம் வந்தேன். அதனாலதான் இன்னிக்குப் பொழுது சாயற நேரமாப் பாத்து வந்திருக்கேன். எங்க கேபிள் கம்பெனியில என்ன சொல்றாங்க தெரியுமா? நீலாவதி அக்கா வீட்டு லைன்ல பேய் இருக்காம்.

– பேய்க்கு வேற வீடு கெடைக்கலியா? இந்த லயத்துலயே கடைசி வீடு என்னுது. அது நடந்து வர்றதுக்குள்ள கால் வலி கண்டுரும்.

– எப்ப ஆரம்பிக்குது?

– பொழுது சாயறப்ப. சில நாள் கொஞ்சம் முந்தி, மழை பெஞ்சா கொஞ்சம் பிந்தி. விடியக் காலையில நான் பெரட்டுல பேர் குடுக்கக் கெளம்பறப்பவும் இருக்கும். பகல்ல சுத்தமா இருக்குன்னு செல்லம்மா சொல்றா. அவளுக்கென்ன, பகலெல்லாம் வீட்ல உக்காந்து நாடகம் பாக்குறா. நான் மலையில கொழுந்தோட நிக்கிறேன்.

– செல்லம்மாங்கறது யாரு?

– பக்கத்து வீடு. அவ காதுல ஒண்ணு விழுந்தா கோலா தெர்லா வரைக்கும் போகும். அதுக்கு உன் கேபிளே தேவையில்ல.

– அவங்க வீட்லயும் சாயங்காலம் நிக்குதா?

– எல்லா வீட்லயும் நிக்குது. மேல துரை பங்களா வரைக்கும் நிக்குது. அதனாலதான நீ வந்திருக்க? எங்களுக்கு மட்டும் நின்னிருந்தா உன்னை யாரு கூப்பிட்டிருப்பா?

– அது உண்மைதான்.

– ஒத்துக்கிட்டியே. நல்ல புள்ள. காப்பி ஆறுது, குடி.

– எத்தனை நாளா இப்படி?

– தைப்பூசம் முடிஞ்சு எல்லாரும் ஈப்போவுலேர்ந்து திரும்பி வந்தாங்க இல்ல, அதுலேர்ந்து.

– பஷீர், பஷீர், எஸ்டேட்டு ஆபீஸ் கிராணி நாகப்பன் பேசுறேன். கண்டுபிடிச்சியா இல்லியா? ஓவர்.

– இன்னும் இல்லங்கய்யா. பொழுது சாயட்டும்னு காத்துட்டு இருக்கேன். ஓவர்.

– என்னய்யா காத்துட்டு? நேத்து ஹெட் ஆபீஸ்காரங்களோட துரை பேசிட்டு இருக்காரு, பாதியில அறுந்து போச்சு. இப்ப என் தலையில ஏறி உக்காந்திருக்காரு. இன்னிக்கு முடியணும். எந்த வீட்ல ரோசாக்கோ, கெட்டுப் போயிருக்கோ, அந்த வீட்டை வெட்டி விடு. ஃபைனல். நான் ஆபீஸைப் பூட்டிட்டு குவார்ட்டஸுக்கு நடக்குறேன், வீட்டுக்குப் போயிட்டுக் கூப்பிடுறேன். ஓவர்.

– சரிங்கய்யா. ஓவர்.

– உனக்கும் வாக்கி-டாக்கி குடுத்துட்டாரா?

– இந்தப் பள்ளத்துல போன் எடுக்காதுன்னு கேட்டுலயே கையில குடுத்துட்டாங்க. நல்லாத்தான் இருக்கு. ஒருத்தர் பட்டனை அமுக்குனா மத்தவங்க பேச முடியாது. எங்க வீட்லயும் ஒண்ணு வாங்கி வெக்கலாம்னு பாக்குறேன்.

– உன் பொண்டாட்டி கேட்டுச்சுன்னா தெரியும். அது போகட்டும். வீட்டை வெட்டுறதுன்னா என்ன தம்பி?

– உங்க வயரைக் கம்பத்துப் பெட்டியிலேர்ந்து கழட்டி விட்டுருவேன். அவ்வளவுதான். மத்த வீடெல்லாம் நல்லா ஓடும்.

– எனக்கு?

– உங்களுக்கு லைன் இருக்காது.

– இன்னிக்கு வேணாம் தம்பி.

– எனக்கு ஆர்டர் வந்தா...

– நாளைக்கு வெட்டிக்க. நாளான்னைக்கு வெட்டிக்க. வேணும்னா நானே பாராங்குக் கத்தி எடுத்துட்டு வந்து வெட்டித் தர்றேன். இன்னிக்கு ஒரு நாள் மட்டும் வேணாம்.

– இன்னிக்கு என்னக்கா?

– என் மக கூப்பிடுவா. கங்கா. ஈப்போவுல ஒரு கடையில பேக்கிங் வேலை பாக்குறா, அங்கியே நாலு பொண்ணுங்களோட ரூம் எடுத்துத் தங்கியிருக்கா.

– அவ்வளவுதானா? மேட்டுல அந்த வளைவுகிட்டப் போனா ஒரு கோடு சிக்னல் வருதே. போன்ல பேசிருங்களேன். படம்தான் வராது, பேச்சு வரும்.

– அவளுக்குக் காது கேக்காது தம்பி. பொறந்ததுலேர்ந்து.

– ஓ.

– ஒண்ணும் சங்கடப்படாத. எனக்குப் பழகிப் போச்சு, அவளுக்கு அது ஒரு குறைன்னே தெரியாது.

– அப்ப மெசேஜ் எழுதலாமே?

– எனக்கு எழுத்து வராது, அவளுக்குச் சத்தம் வராது. நடுவுல கை மட்டும்தான் இருக்கு. ஸ்கூல்ல அவ ஒரு கைப் பாஷை படிச்சா, அது எனக்குத் தெரியாது. நாங்க பேசுறது வேற. அவ நடக்க ஆரம்பிச்சதுலேர்ந்து நானும் அவளுமா உண்டாக்குனது. உலகத்துல ரெண்டே பேருக்குத்தான் அது தெரியும். அதுக்குப் படம் வேணும். படம் நின்னா பேச்சு நின்னு போச்சு.

– நேத்தும் நின்னுருச்சா?

– நேத்து நின்ன மாதிரி என்னிக்கும் நிக்கல. பேச ஆரம்பிச்சா. முகத்தைப் பாத்தா ஏதோ முக்கியமான சேதி சொல்ல வர்ற மாதிரி இருந்துச்சு. கண்ணை விரிச்சா. கையை எடுத்து வயித்துல வெச்சா. அதோட நின்னுருச்சு.

– வயித்துல கை வெச்சுட்டா?

– வயித்துல கை வெச்சபடிக்கே. படம் அப்படியே உறைஞ்சு போய், நான் அதையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். அப்புறம் அதுவும் போச்சு, சுத்துற வட்டம் மட்டும் இருந்துச்சு.

– வயித்து வலியா இருக்கும்.

– இருக்கலாம். பசியா இருக்கலாம். வேற ஒண்ணாவும் இருக்கலாம். கல்யாணம் ஆகாத பொண்ணு தம்பி. அவளை யாராவது எதாவது பண்ணியிருந்தா, அவ கத்துனாக்கூட அது யார் காதுலயும் சரியா விழாது. எனக்கு ராத்திரி பூரா தூக்கம் இல்ல. இன்னிக்கு மலையில மூணு தடவை வெரலை வெட்டிக்கிட்டேன், பாரு.

– கடை முதலாளிக்குப் போன் போட்டுக் கேக்கலாமே?

– போட்டு? என் மக வயித்துல கை வெச்சாளே, ஏன்னு கேக்கவா?

– செல்லம்மாவை விட்டு ஒரு மெசேஜ்...

– செல்லம்மா எழுதிட்டு நிமிர்றதுக்குள்ள எஸ்டேட்டு பூரா தெரிஞ்சுரும். கியா பார்ம்ல ஸ்ட்ராபெர்ரி விக்கிறவ கூட என்னை நிறுத்தி விசாரிப்பா. வேணாம். எனக்கு அவ முகத்தைப் பாத்துக் கேக்கணும்.

– சரி. பொறுங்க. மொதல்ல பேய் வரட்டும்.

– வரும். வழக்கமா இந்நேரத்துக்கு வந்துரும். ஏன் தம்பி, இந்தக் கறுப்பு வயருக்குள்ள அப்படி என்னதான் இருக்கு?

– வெட்டுன துண்டு ஒண்ணு இருக்கு, பாருங்க. நடுவுல செம்புக் கம்பி. உங்க மக முகம் அதுலதான் வருது. அதைச் சுத்தி வெள்ளையா ஒரு பஞ்சு. அதுக்கு மேல பொடிக் கம்பியில பின்னுன வலை. அதுக்கு மேல தோல்.

– வலை எதுக்கு?

– வெளிச் சத்தம் உள்ள வராம இருக்க. உள்ள ஓடுறது வெளிய சிந்தாம இருக்க. வலை ஒழுங்கா இருந்தா பக்கத்துலயே மோட்டார் ஓடட்டும், இது சட்டை பண்ணாது. உங்க ஊரு மழைக்கும் பனிக்கும் அசையாது. குரங்கு தொங்கினாலும் தாங்கும். கரண்டைக்கூட இதே வயர்ல அனுப்பலாம், கம்பத்து மேல இருக்கற பெட்டி அதுலதான் ஓடுது. கெட்டிப் பொருளுக்கா. பழைய துரை டிவிக்குன்னு போட்ட வயர் இது. அதுல நாங்க இன்டர்நெட்டை ஏத்தி ஓட்டிட்டு இருக்கோம்.

– இவ்வளவு நல்லதுன்னா அப்புறம் ஏன் என் உயிரை வாங்குது?

– ஒரே வயர்ல எல்லாரும் தொங்குறீங்க, அதான். எங்கியாவது ஒரு வீட்ல வலை கிழிஞ்சு ஒரு ஓட்டை விழுந்துச்சுன்னா, அந்த ஓட்டை வழியா வர்ற சத்தம் அந்த வீட்டோட நிக்காது. மேல ஏறும். ஏறி எல்லார் தலையிலயும் விழும். நடுவுல கம்பத்துப் பெட்டி வேற அதை ஏத்தி விடும். அதுக்கு நல்ல சத்தம், கெட்ட சத்தம் தெரியாது. வந்ததைப் பெருசாக்கும்.

– கோயில்ல ஸ்பீக்கர் கட்டுற கோகிலன் மாதிரி.

– அவரேதான். அப்புறம் தூரம். இது கொழாத் தண்ணி மாதிரி, போகப் போகத் தேயும். ஒவ்வொரு வீட்டுக்கும் பிரிச்சுக் குடுத்துட்டே வந்து, கடைசி வீட்டுக்கு வர்றப்ப ஈரம்தான் மிச்சம். உங்க வீட்டுப் பெட்டி, மேல இருக்கற மெஷினுக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னா தொண்டை கிழியக் கத்தணும்.

– நாங்க வாயே திறக்காமப் பேசுறோம், எங்க பெட்டி கத்துதா?

– கத்துது. அது கத்துறப்ப வேற சத்தம் குறுக்க வந்தா, மேல இருக்கறவனுக்கு இது சொல்றது வெளங்காது. திரும்பத் திரும்பக் கேப்பான். கேட்டுக் கேட்டு அலுத்து, உங்களை விட்டுருவான். அப்பதான் படம் நிக்குது.

– பிரிஞ்சாங்ல எல்லாம் கண்ணாடி நூல் போட்டாச்சாமே? அதுல இந்தத் தொல்லை இல்லியா?

– ஃபைபர். அதுல இந்த மாதிரிச் சத்தம் ஏறவே ஏறாது. ஆனா அது ஃபேக்டரி வரைக்கும் வந்து நின்னுருச்சு. இந்தப் பள்ளத்துல இறக்குறதுக்கு யாருக்கும் மனசு இல்ல.

– எங்களுக்கு எதுதான் கடைசி வரைக்கும் வந்துச்சு.

– அக்கா. சத்தம் போடாதீங்க. வந்துருச்சு.

– எங்க?

– மீட்டர்ல பாருங்க. இந்தக் கோடு துள்ளுது. இருங்க, இதுல சின்னதா ஒரு ஸ்பீக்கர் இருக்கு. கேக்குதா?

– டக்... டக்... டக். யாரோ கதவைத் தட்டுற மாதிரி. இதுவா என் புள்ளையப் பேச விடாமப் பண்ணுது?

– இதேதான். ஒரு அடி, ஒரு மூச்சு விடுற நேரம், திரும்ப ஒரு அடி. தவறவே மாட்டேங்குது, பாத்தீங்களா? இது பேய் இல்ல. மனுஷன் போட்டது. நான் கம்பத்துல ஏறுறேன். டார்ச்சை என் கைப் பக்கம் காட்டுங்க.

– வழுக்கும் தம்பி, பாத்து.

– பெட்டியில எட்டு வாய், எட்டு வீடு. ஒவ்வொண்ணாக் கழட்டிப் பாக்குறேன். முதல் வீடு... துள்ளல் நிக்கல. மாட்டிட்டேன். அடுத்தது... நிக்கல. இது?

– அது யோகேந்திரன் வீடு. அவன் டிவியை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டான். சீக்கிரம் மாட்டிரு, இல்லாட்டி வெளிய வந்து சத்தம் போடுவான்.

– மாட்டியாச்சு. அதுவும் இல்ல. அடுத்தது... அடுத்தது... அடுத்தது... செல்லம்மா வீடு. அதுவும் இல்ல. இனிமே ஒண்ணுதான் பாக்கி.

– சொல்லு.

– உங்க வீட்டைக் கழட்டுனதும் நின்னுருச்சுக்கா.

– நல்லாப் பாரு.

– மாட்டினா வருது. கழட்டினா போகுது. மாட்டினா வருது. சந்தேகமே இல்ல. உங்க வீட்டு வழியாத்தான் ஏறுது.

– என் வீட்ல என்ன இருக்கு? ஒரு லைட்டு, ஒரு ரைஸ் குக்கர், அந்தப் பெட்டி. நான் என்ன ஃபேக்டரியா வெச்சு நடத்துறேன்?

– பஷீர், பஷீர். துரை இப்பத்தான் சொல்றாரு, படம் நல்லா வருதாம். என்ன பண்ணுன? ஓவர்.

– ஒரு வீட்டைக் கழட்டி வெச்சிருக்கேன்யா. நீலாவதி அக்கா வீடு. ஓவர்.

– அதானே பாத்தேன்! சரி, அப்படியே விட்டுட்டுப் போயிரு. வேலை முடிஞ்சுது. என்ன கோளாறுன்னு மட்டும் சொல்லு, துரை கேப்பாரு. ஓவர்.

– கோளாறு என்னன்னு இன்னும் தெரியலங்கய்யா. டக் டக்னு ஒரு துடிப்பு வருது. திரிங்காப் பக்கமும் கோலா தெர்லா பக்கமும் காய்கறித் தோட்டத்துல இதைக் கேட்டிருக்கேன். காட்டுப் பன்னி பூராம இருக்கப் போடுற கரண்டு வேலி, அந்தத் துடிப்புதான். ஓவர்.

– வேலியா? என்னய்யா பேசுற? இந்த எஸ்டேட்டுல வேலியே கெடையாது. போன வருஷம் கொழுந்தெடுக்கற பவளத்துக்கு வேலியில ஷாக் அடிச்சு ஆஸ்பத்திரியில கெடந்துச்சே, அன்னிக்கே துரை ஆர்டர் போட்டுட்டாரு. கரண்டு வேலி வெச்சவன் யாரா இருந்தாலும் சரி, வேலையும் இல்ல, வீடும் இல்ல. ஓவர்.

– நான் வேலி எங்க இருக்குன்னு சொல்லலங்கய்யா. துடிப்பு வேலித் துடிப்பு மாதிரி இருக்குன்னுதான் சொல்றேன். சத்தம் போடுறது ஒரு இடம், சத்தம் நுழையற ஓட்டை ஒரு இடம். ஓவர்.

– ஓட்டை யார் வீட்ல?

– இவங்க வீட்லதான். ஆனா...

– அப்ப வேலியும் இவ வீட்லதான். இதுக்கு எதுக்குய்யா படிப்பு? ரகசியமா வெச்சிருப்பா. நான் துரைகிட்டப் பேசுறேன். நீ பொறு. ஓவர்.

– என்ன தம்பி சொல்றாரு? நான் வேலி வெச்சிருக்கேனாமா? என்கிட்ட இருக்கறது நாலு மிளகாச் செடி. அதைத் தின்னா பன்னிதான் அழுதுட்டு ஓடும்.

– நான் மீட்டர் காட்டுனதை மட்டும்தான் சொன்னேன்.

– உன் மீட்டர் சொன்னதை வெச்சுத்தான் இப்ப என் வீட்டைப் புடுங்கப் போறாரு. இந்த வீடு வேலைக்குக் குடுத்த வீடு. வேலை போனா வீடு போச்சு. நான் எங்க போவேன், சொல்லு? ஈப்போவுல நாலு பொண்ணுங்களுக்கு நடுவுல போய்ப் படுக்கவா?

– எனக்கு அது புரியுதுக்கா. ஆனா எஸ்டேட்டு விஷயத்துல நான் தலையிட முடியாது. நான் வயர்க்காரன்.

– வயர்க்காரன்தான? அப்ப வயரையாவது ஒழுங்காப் பாரு. ஓட்டை எங்க இருக்கு? என் வீட்டுக்குள்ளயா, வெளியிலயா? அதைக்கூடப் பாக்காம எப்படி இறங்கி வந்த?

– டார்ச்சை எடுங்கக்கா, பாக்குறேன்.

– மூஞ்சியத் தொங்கப் போடாத. நான் கோபத்துல சொல்லல.

– இல்ல, நீங்க சொன்னது சரி. அலுப்புல இறங்கிட்டேன். மக்ரிபுக்கு பிரிஞ்சாங் போயிரணும்னு ஒரு அவசரம்.

– தொழணும்னா உள்ள இடம் இருக்கு, பாய் இருக்கு. மூலையில சாமி படம் இருக்கறதுக்கு ஒரு துணி போட்டு மறைச்சுடுறேன்.

– அப்புறமா. மொதல்ல செவுத்தைக் காட்டுங்க. வயர் எங்க இறங்குது?

– இங்க, பின்னாடி. இந்தச் சின்ன இரும்புத் துண்டுல வந்து, ரெண்டாப் பிரியுது.

– ரெண்டாவா? உங்களுக்கு இருக்கறது ஒரு பெட்டிதான?

– ஒண்ணு உள்ள போகுது. இன்னொண்ணு அந்தா, கூரை மேல ஏறி, புதர்ல பூந்து மேல போகுது பாரு.

– அது எங்க போகுது?

– குவார்ட்டஸுக்குப் பக்கத்துல இருக்கற பழைய கிளப்புக்கு. ஆபீஸ் ஸ்டாஃப் ஆளுங்க சாயங்காலம் உக்காந்து டிவி பாக்குற கிளப்பு. கரோனாவுல பூட்டுனது, அப்படியே பூட்டிக் கெடக்கு. நாங்க யாரும் உள்ள போனதில்ல, ஆனா வயர் மட்டும் எங்க செவுத்துல ஏறித்தான் போச்சு.

– அக்கா, இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே.

– நீ கேட்டியா?

– கேக்கல. பாருங்க, இதுதான் ஓட்டை. மேல எங்கியோ புதர்ல அந்த வயரோட வாய் திறந்து கெடக்கு. தண்ணி இறங்கி, வலையெல்லாம் செல்லரிச்ச மாதிரிப் பொடியாப் போயிருக்கும். அந்தப் பக்கம் ஓடுற எந்தச் சத்தத்தையும் அது வாங்கி இங்க குடுக்கும். உங்க வீட்ல ஒண்ணும் இல்ல. உங்க செவுரு ஒரு வழி, அவ்வளவுதான்.

– இப்ப என்ன பண்ணணும்?

– அந்த வயரைக் கழட்டணும். இந்த வாயில ஒரு மூடி போடணும். சும்மா மூடக்கூடாது, போறது திரும்பி வராம உள்ளயே குடிச்சுக்கற மூடி. பொறுங்க... போட்டாச்சு. நான் போய்க் கம்பத்துல உங்களைத் திரும்ப மாட்டுறேன்.

– கிராணி கழட்டி வெக்கச் சொன்னாரே?

– ரோசாக் ஆன வீட்டைத்தான் வெட்டச் சொன்னாரு. இது ரோசாக் இல்ல. டார்ச்சைக் காட்டுங்க.

– பாத்து, பாத்து.

– மாட்டியாச்சு. துள்ளல் இல்ல. டக்கும் இல்ல. சுத்தமா இருக்கு. உள்ள போய்ப் பெட்டியைப் பாருங்க, விளக்கு எல்லாம் சிமிட்டுறதை விட்டுட்டு நின்னு எரியணும். கொஞ்ச நேரம் ஆகும்.

– ஒண்ணு நின்னுருச்சு. மத்தது சிமிட்டுது.

– பஷீர், பஷீர்! எங்கய்யா போன? ஓவர்.

– இங்கதான்யா. ஓட்டையைக் கண்டுபிடிச்சு அடைச்சுட்டேன். எல்லா வீடும் இப்ப லைன்ல இருக்கு. இந்த வீடும் சேர்த்துத்தான். ஓவர்.

– அதை யாரு உன்னைப் பண்ணச் சொன்னது? சரி, விடு. வேலி விஷயத்தைத் துரைகிட்டச் சொல்லிட்டேன். யாருதுன்னு இன்னிக்கே தெரியணுங்குறாரு. சேனல் ஒண்ணுக்கு மாத்து, அவரும் வேலை மேய்க்கிற மண்டோருங்களும் அதுலதான் இருக்காங்க. நான் சொன்னா பழி போடுறேம்பாங்க, அவ வாயாலயே வரட்டும். பட்டனை அமுக்கிப் பிடிச்சுட்டு அவளை நேராக் கேளு. எல்லாரும் கேக்கட்டும். நடுவுல விடாத. ஓவர்.

– அமுக்கிப் பிடிச்சுட்டே இருந்தா நீங்க பேசுறது எனக்குக் கேக்காதுங்கய்யா. ஓவர்.

– கேக்க வேணாம். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சு. ஃபைனல். ஓவர்.

– அக்கா, வாங்க. துரை கேக்குறாராம்.

– வர மாட்டேன். பெட்டியை விட்டு நகர மாட்டேன். நீ உள்ள வா.

– சரி. சேனல் ஒண்ணுக்கு மாத்தி அமுக்கிட்டேன். மகேஸ்வரன் துரைக்கு வணக்கம், கேபிள்காரன் பஷீர் பேசுறேன். சத்தம் நின்னுருச்சு. பழைய கிளப் வயர் வழியா ஏறிட்டு இருந்தது, கழட்டியாச்சு. துடிப்பு கரண்டு வேலித் துடிப்பு மாதிரி இருந்துச்சு, அது யாருதுன்னு எனக்குத் தெரியாது. நீலாவதி அக்காவைக் கேக்கச் சொன்னாங்க. சொல்லுங்கக்கா.

– துரை, நான் நீலாவதி. உங்க எஸ்டேட்டுல பொறந்தவ. எனக்கு வேலியும் இல்ல, தோட்டமும் இல்ல. வேணும்னா இப்பவே ஆள் அனுப்பிப் பாருங்க, நான் கதவைத் திறந்துதான் வெச்சிருக்கேன். நான்... தம்பி! விளக்கு எல்லாம் நின்னுருச்சு!

– நின்னுருச்சா?

– கூப்பிடுறா! வழக்கமாக் கூப்பிடுற நேரம் கூட ஆகல, அதுக்குள்ள கூப்பிடுறா. துரை, கொஞ்சம் இருங்க, என் மக.

– அக்கா, நான் பட்டனை விடட்டுமா?

– என்னமோ பண்ணு, என்னை விடு.

– விடாதன்னு சொல்லியிருக்காரு. பிடிச்சுட்டே இருக்கேன்.

– முகம் தெளிவா இருக்கு தம்பி. கண்ணு வீங்கல. சிரிக்கிறா. எதுக்குடி சிரிக்கிற? என் உயிரே போயிட்டு இருக்கு, சிரிக்கிறியா?

– என்ன சொல்றாங்க?

– பொறு. நேத்து ஏன் வயித்துல கை வெச்சன்னு கேக்குறேன்... மறுபடியும் வெக்கிறா.

– படம் நிக்கலியே?

– நிக்கல. கை ஓடுது. வலியான்னு கேட்டேன், இல்லங்குறா. பசியான்னு கேட்டேன், சாப்பிட்டேங்குறா. புள்ளையான்னு கேட்டேன்... தலையில அடிச்சுக்கிறா. எனக்குப் புத்தி கெட்டுப் போச்சுங்குறா.

– அல்ஹம்துலில்லாஹ். அப்ப வயித்துல என்ன?

– வயிறே இல்ல தம்பி! கையை வெச்சு, முன்னால தள்ளி, வட்டம் போடுறா. தொப்பை. ஐயோ கடவுளே, இதைச் சொல்லிக் குடுத்ததே நான்தான். அவ சின்னப் புள்ளையா இருக்கறப்ப எஸ்டேட்டுல ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கை வெச்சேன். துரைன்னா தலையில தொப்பி. மண்டோர்னா வாயில விசில். தொப்பைன்னா கிராணி. இந்த ஆளு தொப்பைக்கா நான் ராத்திரி பூரா அழுதேன்!

– அக்கா, பட்டன் இன்னும் அமுங்கித்தான் இருக்கு.

– இருக்கட்டும். என் புள்ளைக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு இப்ப யார் மேலயும் கோபம் இல்ல.

– கிராணியைப் பத்தி என்ன சொல்றாங்க?

– தைப்பூசத்துக்கு ஈப்போ வந்த கையோட அவ கடைக்கு வந்தாராம், பன்னி வேலிக்குக் கரண்டு பெட்டி ஒண்ணு வாங்கிட்டுப் போனாராம், இவதான் அட்டையில வெச்சுக் கட்டிக் குடுத்தாளாம்; அது நல்லா வேலை செய்யுதான்னு அவரைக் கேட்டுச் சொல்லச் சொல்றா.